திருத்திய ஆஃபர் லெட்டர் வந்தால்... எந்தக் கடிதம் செல்லும்?

திசையன்விளையில் என் சித்தி வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சித்தி மகன் இன்ஜினியரிங் முடித்து, கேம்பஸ் தேர்வில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் இடம் பெற்று, சேரும் தேதிக்காகக் காத்திருந்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த எனக்கு இரவு பத்து மணிக்கு அவனிடமிருந்து போன்.

"அண்ணே, புதுசா ஒரு லெட்டர் வந்திருக்கு. சம்பளத்தைக் குறைச்சிருக்காங்க. மூணு நாளில பதில் சொல்லணுமாம். பழைய லெட்டர் செல்லுமா, இதுதான் செல்லுமாண்ணே?"

பின்னாலிருந்து சித்தியின் குரல்: "ஏய்யா, நீ நேர்ல வந்து பாரு. போன்ல பேசுத காரியமா இது?"

சித்தி சொன்னது சரிதான். படிப்புக் கடனின் தவணை தொடங்க இருந்த நேரம். முதல் கடிதத்தில் இருந்த ஆண்டுச் சம்பளம் 4 லட்சத்து 25 ஆயிரம். அதை நம்பித்தான் திருநெல்வேலியில் கிடைத்த ஒரு சிறிய வேலையை அவன் வேண்டாம் என்று விட்டிருந்தான். புதிய கடிதத்தில் 3 லட்சத்து 40 ஆயிரம். மறுநாள் காலையில் போய் அவன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அன்று நாங்கள் செய்தவற்றையே இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியிருக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு மெயிலுக்காக யாராவது ஒருவர் காத்துக் கொண்டிருப்பார்.

முதலில் கடிதம் உண்மையானதா?

கடிதம் செல்லுமா என்று பார்க்கும் முன், அதை அனுப்பியது அந்த நிறுவனம்தானா என்று பார்க்க வேண்டும். "உங்கள் ஆஃபர் திருத்தப்பட்டுள்ளது; உறுதி செய்ய இவ்வளவு ரூபாய் டெபாசிட் கட்டவும்" என்று வரும் போலி மெயில்கள் ஏராளம். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஜிமெயில் வைத்திருப்பவர்கள், மெயிலை மொபைலில் அல்லாமல் கம்ப்யூட்டரில் திறந்து கொள்ளுங்கள். மெயிலின் வலது மேல் பக்கத்தில், பதில் அனுப்பும் அம்புக்குறி அருகே மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். புதிய டேப் ஒன்று திறந்து, மேலே ஒரு சிறிய அட்டவணை காட்டப்படும். அதில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றிலும் "பாஸ்" என்று இருந்தால், அனுப்புநர் முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள டொமைனிலிருந்தே மெயில் வந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மோசடி செய்பவர் நிறுவனத்தின் பெயரோடு "கேரியர்ஸ்" என்றோ "ஜாப்ஸ்" என்றோ ஒட்டு சேர்த்துத் தனியாக ஒரு டொமைன் வாங்கியிருக்கலாம். அதற்கும் "பாஸ்" கிடைக்கும். எனவே @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக, முதல் ஆஃபர் மெயிலுடனும் நிறுவனத்தின் இணைய தளத்துடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். தம்பிக்கு வந்ததில் எல்லாம் சரியாகவே இருந்தது. சித்திக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். போலிக் கடிதமாக இருந்தால் பழைய சம்பளம் தப்பியிருக்குமே!

அடுத்து, இணைப்பாக வந்த பி.டி.எஃப். பைல். அடோப் ரீடரில் திறந்தபோது கையெழுத்து இருந்த இடத்தில் மஞ்சள் நிறக் கேள்விக்குறியும், "வேலிடிட்டி அன்னோன்" என்ற சொற்களும் இருந்தன. "பாத்தியாண்ணே, செல்லாதுன்னு அதுவே சொல்லுது" என்றான் தம்பி. அப்படி இல்லை. கையெழுத்திட்டவரின் டிஜிட்டல் சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் அடையாளம் காணவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். இ-ஆதார் பைலைத் திறக்கும்போதும் இதே கேள்விக்குறியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் ரைட் கிளிக் செய்து, கையெழுத்தின் விவரங்களைத் திறந்து, சான்றிதழ் யார் பெயரில் உள்ளது, எந்த நாளில் கையெழுத்தானது, அதன்பின் பைல் மாற்றப்பட்டதா என்று பார்த்துக் கொள்ளலாம். மாறாக, அதிகாரியின் கையெழுத்து வெறும் படமாக ஒட்டப்பட்டிருந்தால் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது. அதனால் மட்டும் கடிதம் செல்லாததாகிவிடாது. ஆனால் அதை யார் அனுப்பினார் என்பதற்கு மெயிலே சாட்சி. ஆகவே மெயிலை அழித்துவிடக் கூடாது.

மெயிலில் வந்த கடிதத்திற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா என்று சித்தப்பா கேட்டார். அவர் கருப்பட்டி வியாபாரம் செய்பவர். முத்திரைத் தாளில் இல்லாத எதையும் நம்பமாட்டார். உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இல் பின்னர் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவான ஒப்பந்தம் அந்தக் காரணத்திற்காகவே செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது. டிரைமெக்ஸ் என்ற நிறுவனத்திற்கும் வேதாந்தா அலுமினியத்திற்கும் நடந்த வழக்கில், இமெயில் பரிமாற்றத்தின் மூலமே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையான ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடவில்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

பழையதா, புதியதா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இதற்கான பதில் இருப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில். கம்ப்யூட்டருக்கு எத்தனையோ தலைமுறை முந்தைய சட்டம்!

ஆஃபர் லெட்டர் என்பது நிறுவனம் உங்கள் முன் வைக்கும் முன்மொழிவு. நீங்கள் ஏற்றுக் கொண்டதைத் தெரிவிப்பது நிறுவனத்தைப் பொறுத்தவரை நிறைவடையும் வரை, அதைத் திரும்பப் பெற நிறுவனத்திற்கு உரிமை உண்டு (பிரிவு 5). எனவே முதல் கடிதத்திற்கு நீங்கள் பதிலே அனுப்பாமல் இருந்து, இப்போது திருத்திய கடிதம் வந்தால், பழையது போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் பழைய கடிதத்தை நீங்கள் ஏற்று, அந்தப் பதில் அவர்களைச் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. அது ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஒரு தரப்பு மட்டும் அதைத் திருத்த முடியாது. திருத்திய கடிதம் என்பது உண்மையில் இன்னொரு புதிய முன்மொழிவு, அவ்வளவுதான். நீங்கள் "அக்செப்ட்" பட்டனை அழுத்தாத வரை பழைய ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. அழுத்திவிட்டால், 62-ஆவது பிரிவின்படி புதிய ஒப்பந்தம் பழையதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அதன்பின் பழைய சம்பளத்தைக் கேட்க வழியில்லை.

பதிலே சொல்லாமல் இருந்தால்? மௌனம் சம்மதம் என்பது நம் ஊர் வழக்கு. ஒப்பந்தச் சட்டத்தில் பொதுவாக அப்படி இல்லை. இங்கிலாந்தில் 1862-இல் தீர்ப்பான ஒரு பழைய வழக்கு உண்டு. மாமா ஒருவர் தன் மருமகனுக்கு, "உன்னிடமிருந்து வேறு பதில் வராவிட்டால் குதிரை எனக்கு விற்கப்பட்டதாக எடுத்துக் கொள்வேன்" என்று கடிதம் எழுதினார். மருமகன் பதில் எழுதவில்லை. குதிரை மாமாவுக்குச் சொந்தமாகவில்லை என்றது நீதிமன்றம். ஆகவே "மூன்று நாளில் பதில் வராவிட்டால் புதிய நிபந்தனைகளை ஏற்றதாகக் கருதுவோம்" என்று ஒரு மெயில் சொன்னாலும், அதற்குப் பெரிய பலம் இல்லை. "பதில் வராவிட்டால் புதிய ஆஃபர் காலாவதியாகும்" என்று சொன்னால் அது வேறு. அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

இவ்வளவையும் கேட்டதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப நான் பழைய லெட்டரையே புடிச்சுக்கிடுதேன்" என்றான். இங்கேதான் நான் அவனை நிறுத்த வேண்டியிருந்தது.

காரணம் ஒன்று: கடிதத்தின் தலைப்பு. பல நிறுவனங்கள் கேம்பஸில் கொடுப்பது "லெட்டர் ஆஃப் இன்டென்ட்", அதாவது வேலை தர எண்ணியிருக்கிறோம் என்று சொல்லும் கடிதம். அது ஆஃபர் லெட்டரை விட வலுக் குறைந்தது. காரணம் இரண்டு: ஆஃபர் லெட்டராகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் நிபந்தனைகள். சேரும் தேதி "வணிகத் தேவைக்கு உட்பட்டது" என்று எழுதியிருந்தால், தேதி தள்ளிப்போவதைக் குறை சொல்வது கடினம். தம்பியின் முதல் கடிதத்தில் தேதிக்கு அப்படி ஒரு வரி இருந்தது. சம்பளத்திற்கு இல்லை.

மூன்றாவது காரணம்தான் பெரியது. ஒப்பந்தத்தை நிறுவனம் மீறினாலும், "இவரை வேலைக்கு எடுத்துக்கொள்" என்று தனியார் நிறுவனத்திற்கு நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடுவதில்லை. ஒருவரின் தனிப்பட்ட உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை வலுக்கட்டாயமாக நிறைவேற்ற வைக்க முடியாது என்பது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் நிலை. கிடைக்கக் கூடியது இழப்பீடு மட்டுமே. அதற்கும் உங்களுக்கு என்ன இழப்பு என்று காட்ட வேண்டும். திருநெல்வேலி வேலையை வேண்டாம் என்று அனுப்பிய மெயிலைத் தம்பி வைத்திருந்தான். அதுபோன்ற மெயில்கள் இங்கே பயன்படும். ஆனாலும் வழக்கு, வக்கீல், வாய்தா என்று திசையன்விளையிலிருந்து எத்தனை முறை அலைவது?

இது புதிய கதை அல்ல. 2016-இல் எல் அண்ட் டி இன்போடெக், தமிழகக் கல்லூரிகளில் 2014-இல் தேர்வு செய்த சுமார் 1500 பேரை நீண்ட நாள் காக்க வைத்து, பின்னர் ஆஃபரைத் திரும்பப் பெற்றது. சென்னையில் மாணவர்கள் போராட்டம் நடத்தினார்கள். 2022-இல் இன்போசிஸ் தேர்வு செய்தவர்களில் சுமார் 2000 பேர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். நைட்ஸ் என்னும் புனே ஐ.டி. ஊழியர் அமைப்பு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்தது. கொடுத்த ஆஃபர்களை மதிப்போம் என்று நிறுவனம் அறிவித்து, 2024-இல் சேரும் தேதிகளை அனுப்பியது. அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் 2025 பிப்ரவரியில் மைசூர் வளாகத்தில் பயிற்சித் தேர்வுகளில் தேறவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள்.

நம் விஷயத்திற்கு மிக நெருங்கியது விப்ரோவில் நடந்தது. 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு ஆறரை லட்சம் ஆஃபர் பெற்றுக் காத்திருந்த புதியவர்களுக்கு ஒரு மெயில் போனது. மூன்றரை லட்சத்தில் வேலை இருக்கிறது, விரும்பினால் இப்போதே சேரலாம் என்றது அது. ஏற்றுக் கொண்டால் பழைய ஆஃபர் ரத்தாகிவிடும். கவனியுங்கள், "உங்கள் சம்பளத்தைக் குறைத்துவிட்டோம்" என்று அவர்கள் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாகவே கொடுத்தார்கள். சட்டப்படி அதற்கு அர்த்தம் இருக்கிறது. நீங்களாக ஏற்றால்தான் பழையது போகும் என்பதை நிறுவனமும் அறிந்திருக்கிறது. இது நியாயமற்றது என்று நைட்ஸ் கண்டித்தது. 92 சதவீதம் பேர் குறைந்த சம்பளத்தை ஏற்றுக் கொண்டதாக நிறுவனம் பின்னர் கூறியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காத்திருக்கும் வீட்டில் ஒவ்வொரு மாதமும் எப்படிக் கழியும் என்று எனக்குத் தெரியும்.

ஏனெனில் 2020-இல் எனக்கும் ஒரு திருத்திய கடிதம் வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். போர்ட்டலில் நுழைந்து "அக்செப்ட்" கொடுத்தேன். பிறகு எதற்கோ பழைய கடிதத்தைத் தேடினால், அந்த லிங்க்கில் புதிய கடிதம்தான் திறக்கிறது. முதல் கடிதத்தில் இருந்த சேர்க்கை போனஸ் பற்றிக் கேட்டேன். "அப்படி ஒன்று இருந்ததா? கடிதத்தை அனுப்புங்கள்" என்றார்கள். என்னிடம் இருந்தால்தானே அனுப்ப!

இரண்டு பைல்களை ஒப்பிடுவது

அதனால் தம்பியின் கம்ப்யூட்டரில் முதலில் ஒரு போல்டர் உருவாக்கினோம். பழைய பி.டி.எஃப்., புதிய பி.டி.எஃப்., அவன் முன்பு ஏற்று அனுப்பிய மெயில் எல்லாம் அதற்குள். மெயிலை சேவ் செய்ய, மேலே சொன்ன மூன்று புள்ளி மெனுவிலேயே "டவுன்லோட் மெசேஜ்" என்று இருக்கும். இ.எம்.எல். என்று முடியும் பைல் கிடைக்கும். மெயிலை பிரின்ட் எடுத்து வைப்பதோ, இன்னொரு முகவரிக்கு பார்வர்ட் செய்வதோ இதற்கு ஈடாகாது. அந்தப் பைலில்தான் மெயில் எந்த சர்வர் வழியாக, எத்தனை மணிக்கு வந்தது என்ற விவரம் முழுவதும் இருக்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டும்போது தனியாக ஒரு சான்றும் தர வேண்டும். மூல மெயிலும் கைவசம் இருந்தால் அது எளிது. கல்லூரி கொடுத்த இமெயில் முகவரிக்கு ஆஃபர் வந்திருந்தால் இன்றே இதைச் செய்திடவும். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அந்தக் கணக்கை மூடிவிடும்.

ஸ்பாம் போல்டரையும் தினமும் பாருங்கள். நீங்கள் கொடுத்த முகவரியின் கணக்கில் மெயில் நுழைந்த நேரமே அது பெறப்பட்ட நேரம் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம். கெடு முடிந்தபின் "ஸ்பாமில் கிடந்தது, பார்க்கவில்லை" என்பது பலவீனமான பதில்.

பிறகு வேர்ட் புரோகிராமைத் திறந்தோம். வேர்ட் 2013 முதல் வந்த பதிப்புகள் பி.டி.எஃப். பைலை நேராகத் திறந்து டாக்குமெண்ட்டாக மாற்றித் தரும். இரண்டு கடிதங்களையும் இப்படி மாற்றி, தனித்தனிப் பெயரில் சேவ் செய்திடவும். அடுத்து "ரிவ்யூ" டேப்பில் "கம்பேர்" என்பதைக் கிளிக் செய்திடவும். "ஒரிஜினல் டாக்குமெண்ட்" என்ற இடத்தில் பழைய கடிதத்தையும், "ரிவைஸ்டு டாக்குமெண்ட்" என்ற இடத்தில் புதிய கடிதத்தையும் கொடுத்து ஓகே தட்டவும். மாறிய இடமெல்லாம் வண்ணத்தில் காட்டப்படும். (ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் இது சரியாக வராது. ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படிப்பதுதான் வழி.)

மெயிலில் அவர்கள் சொன்ன மாற்றங்கள் இரண்டு: சம்பளமும், சேரும் தேதியும். திரையில் வண்ணம் பிடித்து நின்றவை மூன்று. நான்காம் பக்கத்தின் அடியில், ஓராண்டுக்குள் விலகினால் 50 ஆயிரம் ரூபாய் என்று இருந்த பாண்ட், இரண்டு ஆண்டு, ஒரு லட்சம் என்று ஆகியிருந்தது. மெயிலில் இது பற்றி ஒரு சொல் இல்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பாண்ட் தொகை முழுவதையும் எப்போதும் வசூலித்துவிட முடியாது. குறிப்பிட்ட தொகையை மேல் எல்லையாக வைத்து, நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. அதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. மூன்று ஆண்டுக்குள் விலகிய விஜயா வங்கி அதிகாரி கட்டிய 2 லட்சம் ரூபாய் குறித்த வழக்கில், அந்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு வங்கி ஆள் எடுப்பதில் உள்ள செலவையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக் கொண்டது.

பதில் எழுதுவது எப்படி?

"பழைய சம்பளம் கொடுத்தால் ஏற்கிறேன்னு போடட்டுமா?" என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். நிபந்தனையோடு ஏற்பது ஏற்பு ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு முழுமையான, நிபந்தனையற்ற ஏற்பைத்தான் கேட்கிறது. நிபந்தனை வைத்தால் அது உங்கள் பக்கத்து எதிர் முன்மொழிவு. புதிய ஆஃபரும் அதோடு கை நழுவிப் போகலாம். விளக்கம் கேட்பதில் அந்த ஆபத்து இல்லை. எனவே பட்டனைத் தொடாமல், எச்.ஆர். முகவரிக்குச் சிறிய மெயில் ஒன்று எழுதினோம். முதல் கடிதத்தின் எண், அதை ஏற்று அனுப்பிய தேதி, பிறகு மூன்றே கேள்விகள். முதல் கடிதத்தை ஏற்ற பின்னும் சம்பளத்தை மாற்றுவது எந்த நிபந்தனையின் கீழ்? இதை ஏற்காவிட்டால் முதல் கடிதத்தின் நிலை என்ன? நான்காம் பக்கத்தில் பாண்ட் மாறியிருப்பது உங்கள் மெயிலில் குறிப்பிடப்படவில்லை, அது வேண்டுமென்றே செய்த மாற்றமா? கெடுவை ஒரு வாரம் நீட்டும்படியும் கேட்டுக் கொண்டோம். கோபமான சொல் ஒன்று கூட இல்லை. கடைசியில் கோபமாக ஒரு வரி தம்பி சேர்த்திருந்தான். அதை நான் அழித்தேன்.

அனுப்பு பட்டனை அழுத்தப் போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இத்தனை காற்றாலைகள் சுற்றும் ஊரில்! நல்லவேளை, ஜிமெயில் நாம் எழுதுவதைத் தானாகவே "டிராஃப்ட்ஸ்" போல்டரில் சேமித்துக் கொள்ளும். அரை மணி நேரம் கழித்து எடுத்து அனுப்பினோம்.

இரண்டாம் நாள் மாலை பதில் வந்தது. சம்பளத்தில் மாற்றம் இல்லை. ஏற்காதவர்கள் காத்திருப்போர் பட்டியலில் இருப்பார்கள், தேதி சொல்ல இயலாது. பாண்ட் விஷயத்தில் மட்டும், வேறு பிரிவுக்கான படிவம் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள். மூன்றாவதாக ஒரு கடிதம் இணைப்பில் இருந்தது. அதையும் வேர்ட் புரோகிராமில் ஒப்பிட்டுப் பார்த்தோம். பாண்ட் பழையபடி ஓராண்டு, 50 ஆயிரம்.

காத்திருக்கலாமா, சேரலாமா என்று அன்று இரவு அந்த வீட்டில் பேச்சு நடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சட்டப்படி பழைய கடிதத்தில் அவனுக்குப் பிடிமானம் உண்டு. ஆனால் தவணை அடுத்த மாதம். அவனே முடிவெடுத்து, மூன்றாவது கடிதத்திற்கு "அக்செப்ட்" கொடுத்தான். அதற்கு முன் போல்டர் முழுவதையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, சித்தியிடம் கொடுத்து பீரோவில் வைக்கச் சொன்னான்.

சேரும் அன்று அவன் கேட்டு வாங்க வேண்டியது நியமனக் கடிதம். ஆஃபர் லெட்டர் வேறு, இது வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஊழியர் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியுள்ளன. அது கைக்கு வந்ததும் மூன்றாவது கடிதத்துடன் இன்னொரு முறை "கம்பேர்" செய்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.